கப்பல் டூரா, தனி கைடா, சொந்தமாகப் போவதா? துறைமுகம் துறைமுகமாக ஒரு கணக்கு

மத்தியதரைக் கடல் பக்கம் க்ரூஸ் போகிறவர்கள் அறை பதிவு செய்த கையோடு கேட்கும் கேள்வி இது: ஏதென்ஸ், ரோம், பாம்பேய் எல்லாம் பார்க்க கப்பல் நிறுவனம் விற்கும் டூரையே எடுத்துக்கொள்வதா, இல்லை தனியாக ஒரு காரும் கைடும் ஏற்பாடு செய்துகொள்வதா? எல்லாத் துறைமுகத்துக்கும் கப்பல் டூரே பாதுகாப்பு என்று ஒரு கட்சி. கப்பல் டூர் பகல் கொள்ளை, எல்லாமே தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு கட்சி.

நான் இரண்டு கட்சியிலும் இல்லை. ஒரே பயணத்தில் ஒரு ஊருக்குக் கப்பல் டூர், அடுத்த ஊருக்குத் தனி கைடு, மூன்றாவது ஊருக்கு ரயில் என்று கலந்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அதை முடிவு செய்ய ஒவ்வொரு துறைமுகத்திலும் இரண்டு விஷயம் பார்த்தால் போதும். பார்க்கப்போகும் இடத்திலிருந்து கப்பலுக்குத் திரும்பும் வழி எவ்வளவு நீளம், எவ்வளவு நம்பகம்? அங்கே கிடக்கும் கற்கள் யாரும் சொல்லித்தராமல் புரியுமா?

முதலில் பணக் கணக்கைப் பேசி முடித்துவிடுவோம். கப்பல் டூருக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை. தனி கைடும் வண்டியும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மொத்த விலை. உதாரணத்துக்கு, கப்பலில் தலைக்கு 120 யூரோ, தனி ஏற்பாட்டுக்கு மொத்தம் 480 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் போனால் தனி ஏற்பாடு இருமடங்கு செலவு. நான்கு பேர் என்றால் சரிசமம். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்குத் தனி ஏற்பாடுதான் மலிவு. ஆனால் தனி ஏற்பாட்டுக்காரர்கள் சொல்லும் விலையில் நுழைவுச்சீட்டு பெரும்பாலும் சேராது. ஏதென்ஸில் மலைமேல் இருக்கும் பழைய கோயில் வளாகமான அக்ரோபோலிஸுக்குச் சீட்டு மட்டும் 2025 ஏப்ரலிலிருந்து 30 யூரோ. ஆறு பேருக்கு 180. இதைச் சேர்க்காமல் விலையை ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். சாப்பாடு, கைடுக்கும் ஓட்டுநருக்கும் தரும் டிப்ஸ் இதெல்லாமும் அப்படித்தான்.

கப்பல் காத்திருக்கும் என்பதன் அர்த்தம்

கப்பல் டூரின் பெரிய பலம் இதுதான். கப்பலின் சொந்த டூர் பேருந்து போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். அபூர்வமாகக் காத்திருக்க முடியாமல் போனாலும் அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவர் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். துறைமுகத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பதற்கும் காசு, அடுத்த ஊரில் கப்பல்துறை இடம் பிடிப்பதற்கும் நேரம் குறித்திருக்கிறார்கள். உங்கள் பொருட்டு அதையெல்லாம் மாற்ற மாட்டார்கள். அப்புறம் சொந்தச் செலவில் விமானமோ பேருந்தோ பிடித்து அடுத்த துறைமுகத்துக்கு ஓட வேண்டும். பாஸ்போர்ட்டைக் கப்பலே வாங்கி வைத்திருந்தால் தலைவலி இன்னும் கூடும்.

இதில் இன்னும் இரண்டு விஷயம் கப்பல் டூருக்குச் சாதகம். வானிலை மோசமாகிக் கப்பல் ஒரு துறைமுகத்தையே தாண்டிப் போனால், கப்பலில் வாங்கிய டூருக்குப் பணம் தானாகத் திரும்பி வரும். தனி ஏற்பாட்டில் அது அந்த ஆபரேட்டரின் விதியைப் பொறுத்தது. அடுத்தது, கப்பல் நேராகக் கரையில் கட்டாமல் சிறு படகில் பயணிகளை இறக்கும் ஊர்களில், டூர் வாங்கியவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். மற்றவர்கள் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார வேண்டும்.

கிரேக்கத் தீவான சான்டோரினி இதற்கு நல்ல உதாரணம். அங்கே கப்பல் டூர்காரர்களைப் பெரும்பாலும் அதினியோஸ் துறைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பேருந்தில் மேலே ஏற்றிவிடுவார்கள். மற்றவர்கள் மலைமேல் இருக்கும் முக்கிய ஊரான ஃபிராவின் கீழே பழைய துறையில் இறங்கி, கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏற வேண்டும். ஒரே நாளில் நான்கைந்து கப்பல் வந்தால் அந்த வரிசை நகரவே நகராது. எரிமலைச் சாம்பலில் புதைந்த வெண்கலக் கால ஊரான அக்ரோதிரியைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், மேலே காத்திருக்கும் தனி கைடின் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கீழே வரிசையில் நிற்பீர்கள். இங்கே கப்பல் டூர் என் தேர்வு.

அப்படியென்றால் தனி கைடு எதற்கு?

அறிவுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். கப்பல் டூரில் வருகிற கைடும் உரிமம் பெற்றவர்தான். பல ஊர்களில் அதே ஆள் இன்று கப்பலுக்கும் நாளை தனி வாடிக்கையாளருக்கும் வேலை செய்வார். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. நாற்பது பேர் பேருந்தில் ஏறி இறங்கவே ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போகும். கழிப்பறைக்கு நிறுத்தினால் இன்னொரு அரை மணி. அதைவிட மோசம், எல்லாப் பேருந்தும் ஒரே வேளையில் ஒரே வாசலில் போய் நிற்கும். காதில் ஒலிக்கருவி மாட்டியிருப்பதால் கைடு சொல்வது கேட்கும். எதைக் காட்டுகிறார் என்பது முன்னால் இருக்கும் பத்துப் பேருக்குத்தான் தெரியும்.

தனி கைடு இந்தக் கூட்டத்தை எதிர்த்து வேலை செய்யத் தெரிந்தவராக இருந்தால்தான் கொடுக்கும் காசுக்கு மதிப்பு. எந்த வாசல் வழியாக நுழைவது, எதை முதலில் பார்த்துவிடுவது, எங்கே நிழல், எந்த இடத்தைத் துணிந்து விட்டுவிடுவது இதெல்லாம் அவர் கையில். கால் வலிக்கும் பெரியவர்களோ சிறு பிள்ளைகளோ கூட இருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன். பேருந்துக் கூட்டத்தோடு அவர்களை இழுத்துக்கொண்டு ஓடுவது யாருக்கும் சுகமில்லை.

பழைய கிரேக்க, ரோமானிய நகரமான எபேசுஸ் இந்த விஷயத்தில் தனி கைடுக்கென்றே அமைந்த இடம். துருக்கியின் குஷாடசி துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். திரும்பி வரும் வழியில் மாட்டிக்கொள்ளும் அபாயம் மிகக் குறைவு; ஆக, கப்பல் டூரின் பெரிய பலம் இங்கே தேவைப்படாது. அந்த ஊருக்கு மேலே ஒரு வாசல், கீழே ஒரு வாசல். மேல்வாசலில் இறங்கி, சரிவில் நடந்து கீழ்வாசலில் வெளியே வந்தால் ஏற்றமே இல்லை. வண்டி அங்கே வந்து காத்திருக்கும். பேருந்துக் கூட்டமும் இதே வழியில்தான் போகும், ஆனால் தனியாகப் போகிறவர் வாசல் திறந்த உடனே உள்ளே போய்விடலாம்.

அங்கே சொல்லித்தர ஆள் இல்லையென்றால் இழப்பு அதிகம். செல்சுஸ் நூலகத்தின் முன்சுவரை எல்லோரும் படம் பிடிப்பார்கள். அது நூலகம் மட்டுமில்லை, கல்லறையும்கூட. ரோமானிய அதிகாரி செல்சுஸின் கல் சவப்பெட்டி அடியில்தான் இருக்கிறது. மகன் தந்தைக்குக் கட்டிய நினைவிடம் அது. இன்று நிமிர்ந்து நிற்கும் முகப்பு 1970களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் சிதறிக் கிடந்த துண்டுகளைச் சேர்த்து மறுபடி எழுப்பியது. பெரிய அரங்கிலிருந்து நேராகப் போகும் அகலமான சாலை ஒரு காலத்தில் துறைமுகத்தில் முடிந்தது. ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் சில கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. கப்பலில் வந்து இறங்கியவர் அந்தச் சாலையின் முனையில் புல்வெளியைப் பார்த்து நிற்கும்போது யாராவது இதைச் சொல்ல வேண்டாமா?

அடுக்கு வீடுகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. கூரை போட்டு மூடியிருக்கும், தனிச் சீட்டு வாங்க வேண்டும். சுவரோவியமும் மொசைக்கும் அப்படியே இருக்கும் பணக்காரர் வீடுகள். அடிப்படைக் கப்பல் டூர்கள் பல இதற்குள் போவதில்லை. எனக்கு எபேசுஸில் பிடித்த இடமே இதுதான் என்பதால், தனி கைடு என்று சாய்வதில் இந்தக் காரணமும் ஒளிந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கம்பளக் கடை, தோல் உடைக் கடையில் ‘சும்மா ஒரு செய்முறை விளக்கம்’ என்று நிறுத்துவது இந்தப் பக்கத்தில் சகஜம். கப்பல் டூரிலும் உண்டு, தனி டூரிலும் உண்டு. விலை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருந்தால் மீதிக் காசு அந்தக் கடையிலிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளலாம். தனி ஏற்பாட்டில் ‘கடை நிறுத்தம் வேண்டாம்’ என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளும் வசதியாவது இருக்கிறது.

பலர் யோசிக்காத நடுவழி

தனி டூர் என்றால் காரும் கைடும் சேர்ந்தே வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காரைக் கழித்துவிட்டு, கைடை மட்டும் இடத்தின் வாசலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். ஏதென்ஸுக்கும் பாம்பேய்க்கும் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து மெட்ரோ நேராக நகருக்குள் போகிறது. பச்சை வழித்தடத்தில் மொனாஸ்திராகி நிலையத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து அக்ரோபோலிஸ் நடை தூரம். தனிக்கார் எடுத்தாலும் மலை அடிவாரத்தில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடித்தான் போகும். அதுவும் கிரீஸில் முக்கியமான ஒரு விஷயம்: தொல்லியல் தளத்துக்குள் உரிமம் பெற்ற கைடு மட்டுமே விளக்கம் சொல்லலாம். ‘ஆங்கிலம் பேசும் ஓட்டுநருடன் தனிப்பயணம்’ என்று விற்பதை வாங்கினால், ஓட்டுநர் வழியெல்லாம் நன்றாகப் பேசிவிட்டு வாசலில் நின்றுவிடுவார். உள்ளே நீங்களும் கற்களும்தான். பலர் இதைப் படிக்காமல் வாங்கிவிட்டு அங்கே போய் முழிப்பதைப் பார்க்கலாம்.

2023 செப்டம்பரிலிருந்து அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்த சீட்டு. ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பும் உண்டு. கப்பல் தாமதமாகக் கரை சேர்ந்தால் உங்கள் நேரம் போய்விடும். ஆகவே கப்பல் வந்து சேரும் நேரத்துக்கும் சீட்டு நேரத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரமாவது விடுங்கள். கோடையில் வெயில் உச்சத்துக்குப் போகும்போது நடுப்பகலில் தளத்தையே மூடிவிடுகிறார்கள். 2023 ஜூலையில் அப்படித்தான் செய்தார்கள். காலைக் கூட்டத்தைத் தவிர்க்கிறேன் என்று மதியத்துக்குத் தள்ளிப்போடுவது ஜூலை, ஆகஸ்டில் எடுபடாது. வழவழப்பான பளிங்குக் கல்லில் ஏற வேண்டும், செருப்பைப் பார்த்துப் போடுங்கள்.

பாம்பேய்க்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். சிர்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயில் கரிபால்டி நிலையத்திலிருந்து கிளம்பி நாற்பது நிமிடத்துக்குள் தளத்தின் வாசலருகே இறக்கிவிடும். ரயில் பழசு, நெரிசல் அதிகம், பணப்பையை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். வேலைநிறுத்தம் வரக்கூடும், ஆனால் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ரயில் பிடிக்கவில்லை என்றால் டாக்சிக்கும் பெரிய தூரம் இல்லை.

ரயிலில் போனாலும் உள்ளே கைடு இல்லாமல் போகாதீர்கள் என்றே சொல்வேன். பாம்பேய் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஒரு முழு ஊர். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினால் ஒரே மாதிரியான தெருக்களில் இரண்டு மணி நேரம் போய்விடும். தெருவைக் கடக்கப் போட்ட உயரமான கற்கள், நடுவில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடம், மாவு அரைத்த எரிமலைக்கல் இயந்திரங்கள், சூடான சாப்பாடு விற்ற கடையின் குழிகள் இவையெல்லாம் காட்ட ஆள் இருந்தால் கண்ணில் படும். இல்லையென்றால் இடிந்த சுவராகவே கடந்து போய்விடும். கி.பி. 79இல் இறந்தவர்களின் உருவங்கள் உண்மையில் சாம்பல் இறுகிய பிறகு உடல் மட்கி உண்டான வெற்றிடத்தில் 1863இல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி சாந்து ஊற்றி எடுத்த வார்ப்புகள் என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. ஊருக்கே பெயர் பெற்றுத்தந்த நல்ல மொசைக்குகள் பல இங்கே இல்லை, நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நேரம் இருந்தால் திரும்பும் வழியில் பார்க்கலாம்.

2024 நவம்பரிலிருந்து இங்கும் நாளொன்றுக்கு 20,000 பேர் வரம்பு, சீட்டில் பெயர் போட வேண்டும். ரயில் நிலைய வாசலில் ‘டூர், டூர்’ என்று கூப்பிடுகிறவர்களிடம் சேராமல், முன்பே பேசி வைத்த, உரிம அட்டை காட்டக்கூடிய கைடாகப் பாருங்கள்.

ரோம்: கொஞ்சம் இடியாப்பச் சிக்கல்

கப்பல் அட்டவணையில் ‘ரோம்’ என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில். நகரம் அங்கிருந்து ஏறத்தாழ எழுபது, எண்பது கிலோமீட்டர். (அந்தத் துறைமுகத்தை முதலில் அமைத்தது பேரரசர் டிராஜன். இறங்கிய இடமே பழைய ரோமானிய இடம்தான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.) ரயில் உண்டு, முக்கால் மணி நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரை, எந்த ரயில் என்பதைப் பொறுத்து. சாலை வழியாகப் போனால் மாலைப் போக்குவரத்து எப்போது இறுகும் என்று ஓட்டுநருக்கே தெரியாது.

இங்கே நான்கு வழியும் திறந்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு முள் இருக்கிறது. முழுக் கப்பல் டூரில் கொலோசியத்தையும் வத்திக்கானையும் ஒரே நாளில் அடக்கப் பார்ப்பார்கள், இரண்டும் அரைகுறை. தனி காரும் கைடும் வசதி, ஆனால் நெரிசலில் மாட்டினால் ஆபத்து உங்கள் தலையில். ரயில் மலிவு, ஆனால் ரத்தானால் மாற்று வழி தேட நேரம் வேண்டும். நான் விரும்புவது கப்பல் நிறுவனங்கள் பல விற்கும் ‘போக்குவரத்து மட்டும்’ பேருந்து. காலையில் நகரில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொள்ளும். கப்பலின் பேருந்து என்பதால் சாலை நெரிசல் கவலை அவர்களுடையது. நடுவில் உள்ள நேரத்துக்குத் தனி கைடு ஒருவரை நகரிலேயே சந்திக்கலாம். இறக்கிவிடும் இடம் நீங்கள் பார்க்க நினைக்கும் பக்கத்தில்தானா என்று மட்டும் முன்பே கேளுங்கள்.

கொலோசியம் சீட்டிலும் பெயர் இருக்கும், அடையாள ஆவணம் கேட்பார்கள். பாஸ்போர்ட் கப்பலில் இருந்தால் அன்றைக்கு எதைக் காட்டுவது என்பதை ரிசப்ஷனில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும்; கப்பல் ஞாயிறன்று நின்றால் யோசிக்கவே தேவையில்லை, பழைய ரோமோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எகிப்து: இங்கே துணிச்சல் வேண்டாம்

அலெக்சாந்திரியாவில் இறங்கி கீசா பிரமிடு பார்க்க ஒரு வழிக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். செங்கடல் பக்கம் சஃபாகாவில் இறங்கி லக்சர் போவதும் அதே அளவு தூரம், ஒரு வழிக்கு மூன்று மணி நேரத்துக்குமேல் பாலைவனச் சாலை. சஃபாகா பக்கம் ரயில் பிடித்துத் திரும்பலாம் என்ற மாற்று நடைமுறையில் கிடையாது. ஒரு டயர் பஞ்சரானாலும் கணக்கு கெட்டுவிடும். கப்பல் இரவு தங்காத பட்சத்தில் கப்பல் டூர்தான். ஒரே கப்பலிலிருந்து பல பேருந்துகள் போவதால், ஒன்று பழுதானாலும் ஆட்களை மற்றவற்றில் ஏற்றிக்கொள்ள வழி இருக்கும்.

தனி கைடின் பலமும் லக்சரில் கொஞ்சம் குறைகிறது. மன்னர்கள் பள்ளத்தாக்கில் கல்லறைகளுக்குள் கைடுகள் விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. வெளியே நிழலில் நிற்க வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உள்ளே உங்களைத் தனியாக அனுப்புவார்கள். சாதாரணச் சீட்டில் மூன்று கல்லறை பார்க்கலாம். மன்னர் துத்தன்காமுன் கல்லறைக்குத் தனிச் சீட்டு. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அந்தக் கல்லறை மிகச் சிறியது, பொருட்களும் அங்கே இல்லை. கைவசம் இருப்பது இரண்டு மணி நேரம் என்றால் அதை விட்டுவிட்டு, ஓவியம் நிறைந்த பெரிய கல்லறைகளைப் பார்ப்பேன்.

கப்பல் இரவு தங்கினால் கதை வேறு. அப்போது தனி கைடோடு கிளம்பி லக்சரிலேயே ஓர் இரவு தங்கி, அங்குள்ள கர்னாக் கோயிலை விடிகாலையில் பார்த்துவிட்டு வரலாம். நாற்பது பேர் கூட்டத்தில் கர்னாக்கின் தூண் மண்டபத்தைப் பார்ப்பதும் நாலு பேராகப் பார்ப்பதும் ஒன்றில்லை.

தனி ஏற்பாடு என்று முடிவானால்

எட்டு முதல் பதினைந்து பேர் வரை சேர்த்துப் போகும் சிறு குழு டூர்களும் உண்டு. இரண்டே பேராக இருப்பவர்களுக்குச் செலவு குறையும். முன்பின் தெரியாத ஒருவர் தாமதித்தால் எல்லோரும் தாமதம் என்பதுதான் இதன் குறை. குஷாடசி போன்ற பக்கத்து ஊர்களுக்குப் பரவாயில்லை, ரோமுக்கு வேண்டாம்.

தனி ஆபரேட்டர்கள் பலர் ‘கப்பலுக்குச் சரியான நேரத்தில் திரும்புவோம் என்ற உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். கப்பலை நிறுத்திவைக்க அவர்களால் முடியாது. தவறவிட்டால் அடுத்த துறைமுகம் வரை பயணச் செலவை யார் ஏற்பார், தங்கும் செலவு அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பல் அந்த ஊருக்கே வராவிட்டால் முன்பணம் திரும்புமா என்பதும் அதே மின்னஞ்சலில் இருக்கட்டும். முழுப் பணத்தையும் முன்பே கேட்பவரைவிட, சிறு முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியை டூர் முடிந்ததும் வாங்குபவரே மேல்.

உள்ளே வரப்போவது உரிமம் பெற்ற கைடா, வெறும் ஓட்டுநரா? நேரம் குறித்த சீட்டை யார் வாங்குவது? இந்த இரண்டுக்கும் மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். கப்பல் பெயரையும் தேதியையும் சொன்ன உடனே அன்று அந்தத் துறைமுகத்தில் வேறு எத்தனை கப்பல் நிற்கிறது என்று தானாகச் சொல்லி, அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொடுப்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கப்பல் நிறுவனங்களும் தனி வண்டி, தனி கைடு என்று விற்கின்றன. விலை எக்கச்சக்கம். ஆனால் தூரத்து ஊருக்கு, பெரியவர்களோடு, பணம் ஒரு பொருட்டில்லை என்பவர்களுக்கு அதில் இரண்டு பலமும் சேர்ந்து கிடைக்கும். கப்பல் காத்திருக்கும் என்ற சலுகை அதற்கும் உண்டா என்று வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கரையில் இறங்கும் நாளன்று கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறாமல் கப்பல் நேரத்திலேயே ஓடும். கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கைடிடம் சொல்ல வேண்டியது கப்பல் கிளம்பும் நேரத்தை இல்லை, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரத்தை. அது பெரும்பாலும் அரை மணி நேரமாவது முந்தியது. பக்கத்து ஊர் என்றால் அதற்கு ஒன்றரை மணி நேரம், ரோம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாகவே வண்டி கிளம்பியாக வேண்டும் என்று காலையிலேயே பேசிவிடுவேன். கப்பலின் அன்றாட நிகழ்ச்சித் தாளில் அந்தத் துறைமுகத்தில் கப்பலின் பிரதிநிதியாக இருக்கும் உள்ளூர் போர்ட் ஏஜென்ட்டின் தொலைபேசி எண் இருக்கும். அதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் நகலையும் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.